மேற்பரப்பு மூலக்கூறுகளை ஆராயும் லேசர் ஒளி

(கல்லூரி மாணவர்களும் குடிநீர், தொழில் துறைகளின் அலுவலர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்துள்ள ஊர்களில் குடிநீரைத் தூய்மைப்படுத்தும் முறைகளுள் ஒன்று, கிளர்வூட்டிய அலுமினாக் குருணைகள் நிரம்பிய கலத்தின் வழியே நீரைச் செலுத்துவதாகும். நீர் கீழிறங்கும்போது ஃபுளோரைடு அயனிகள் குருணைகளில் தங்கிவிடுகின்றன. சில காலம் கலம் செவ்வனே பணிபுரியும், பின்னர் தளர்ந்துவிடும். எரிசோடாக் கரைசலால் கழுவி, அமிலத்தால் சமன்படுத்தினால் மீண்டும் செயல்படத் தொடங்கும். பொறியாளர்கள் இதனை நன்கறிவர். ஆனால் அந்த ஃபுளோரைடு எங்கே தங்குகிறது என்று கேட்டுப் பார்ப்போம். அலுமினாவின் உடலுக்குள் அது புகுவதில்லை. குருணையின் நுண்துளைச் சுவர்களில், நீரும் திண்மமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில், ஏறத்தாழ ஒரே ஒரு மூலக்கூற்று அடுக்கில் அது தங்குகிறது. கலம் எவ்வளவு பெரிதானாலும் வேலை செய்வது அந்த ஓர் அடுக்குதான். அந்த அடுக்கை ஒளியைக் கொண்டு நேரே ஆராயும் முறையொன்று கடந்த நாற்பது ஆண்டுகளில் வளர்ந்திருக்கிறது. அதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

ஃபுளோரைடை உதாரணமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில், குடிநீரால் எலும்புகள் இறுகி முதுகு வளையாத நிலையை அடைந்த மக்களைப் பற்றிய மருத்துவ அறிக்கை 1937ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. நம் நாட்டுத் தரநிர்ணயப்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடங்களில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. ஆற்று நீரைக் குழாய் மூலம் கொண்டுவர முடிந்த இடங்களில் அதுவே சிறந்த பரிகாரம் என்பதில் ஐயமில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அத்தகையது. ஆறு எட்டாத ஊர்களில்தான் வடிகட்டும் கலத்தையோ, நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் 1970களில் உருவாக்கிய நல்கொண்டா முறையையோ நாட வேண்டியிருக்கிறது. படிகாரத்தையும் சுண்ணாம்பையும் நீரில் கலந்து, திரளும் படிவோடு ஃபுளோரைடையும் கீழிறக்குவது நல்கொண்டா முறை. அதிலும், அப்போதே பிறந்த அலுமினியம் ஹைடிராக்சைடுத் துகள்களின் மேற்பரப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஆக, எந்த வழியாகச் சென்றாலும் நாம் மேற்பரப்பிடமே வந்து சேருகிறோம்.

அதனை ஆராய்வது ஏன் கடினம்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீர் மூலக்கூறு ஒன்றின் இடத்தை மூன்று ஆங்ஸ்ட்ராம் என்று கொண்டால், ஒரு சென்டிமீட்டர் ஆழமுள்ள நீரில் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுக்குகள் உள்ளன. சாதாரண ஒளியை அந்த நீரில் செலுத்தினால் மூன்று கோடி அடுக்குகளும் ஒருசேரப் பதில் சொல்கின்றன. நமக்கு வேண்டியது ஓர் அடுக்கின் பதில். திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வது போன்றது இது.

மேற்பரப்புப் படலங்களைப் பற்றிய ஆராய்ச்சி புதிதன்று. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில், கல்லூரிக் கல்வி பெறாத ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்னும் பெண்மணி, வீட்டிலேயே செய்த எளிய தொட்டியைக் கொண்டு நீர்ப்பரப்பின் இழுவிசையை அளந்தார். அவர் ராலே பிரபுவுக்கு எழுதிய கடிதம் 1891இல் ‘நேச்சர்’ இதழில் அச்சாயிற்று. அந்த வழியை விரிவுபடுத்திய இர்விங் லாங்மியூர் 1932இல் நோபெல் பரிசு பெற்றார். ஒரு படலத்தில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன, ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் கொள்கிறது என்பதை இத்தகைய அளவைகள் சொல்லும். மூலக்கூறு எந்தப் பக்கம் நோக்கி நிற்கிறது, அண்டையிலுள்ளதுடன் எப்படிப் பிணைந்துள்ளது என்பதைச் சொல்லா. பின்னர் வந்த எலக்ட்ரான் கற்றை முறைகள் அதனையும் சொல்லின. ஆனால் அவற்றுக்கு மிகு வெற்றிடம் வேண்டும். எலக்ட்ரான்கள் நீரைக் கடந்து வெகுதூரம் செல்ல மாட்டா. நமது வடிகட்டிக் கலமோ வெற்றிடத்தில் இயங்குவதில்லை.

இங்கேதான் நேரியல் அல்லாத ஒளியியல் துணைக்கு வருகிறது. பெயர் அச்சுறுத்தலாம், கருத்து எளியது. ஒளி என்பது மின்புலத்தின் அலை. அது ஒரு பொருளின்மீது படும்போது மூலக்கூறுகளிலுள்ள எலக்ட்ரான்கள் அலையின் தாளத்துக்கேற்ப அசைகின்றன. அசையும் எலக்ட்ரான்கள் தாமும் ஒளியை வெளியிடுகின்றன. விளக்கொளியில் மின்புலம் மெலிதாக இருப்பதால், அசைவு அந்தப் புலத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. எனவே விழுந்த அதிர்வெண்ணே திரும்பி வருகிறது. லேசரின் வலிமைமிக்க புலத்தில் இந்த நேர்விகிதம் குலைந்துவிடுகிறது.

ஊஞ்சலை எண்ணிக்கொள்ளுங்கள். திறந்த கூடத்தின் நடுவே தொங்கும் ஊஞ்சல் முன்னும் பின்னும் ஒரே அளவு போய்வரும். சுவரை ஒட்டித் தொங்கும் ஊஞ்சலை மெல்ல ஆட்டினால் வேறுபாடு தெரியாது. வேகமாக ஆட்டினால் ஒரு பக்கம் தடைபட்டு, மறுபக்கம் தாராளமாகச் செல்லும். அத்தகைய கோணலான ஆட்டத்தைப் பகுத்துப் பார்த்தால் அதில் அடிப்படை அதிர்வெண்ணுடன் அதன் இருமடங்கும் கலந்திருக்கக் காணலாம். எலக்ட்ரான்களும் அவ்வாறே. சுற்றுப்புறம் இருபுறமும் ஒத்திராத இடத்தில் அவை வலிய ஒளியின்கீழ் கோணலாக ஆடி, விழுந்த ஒளியின் இருமடங்கு அதிர்வெண் கொண்ட புதிய ஒளியை வெளியிடுகின்றன. இதனை இரண்டாம் சீரிசை என்பர்.

இதனை முதன்முதல் செய்து காட்டியவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஃபிராங்கெனும் அவருடைய தோழர்களும். மெய்மன் ரூபி லேசரை இயக்கிக் காட்டிய மறு ஆண்டு, 1961இல், அவர்கள் ரூபி லேசரின் 694 நானோமீட்டர் சிவப்பு ஒளியைக் குவார்ட்ஸ் படிகத்தில் செலுத்தி 347 நானோமீட்டர் புறஊதா ஒளியைப் பெற்றனர். புகைப்படத் தகட்டில் அது ஒரு சிறு புள்ளியாகவே பதிந்தது. ஆய்விதழில் அச்சேறியபோது, அந்தப் புள்ளியைத் தூசி என்று கருதி அச்சுப் பணியில் அகற்றிவிட்டனர் என்பது இயற்பியல் வட்டாரங்களில் இன்றும் சொல்லிச் சிரிக்கும் செய்தி. அந்தக் கட்டுரையின் படத்தில் அம்புக்குறி மட்டும் வெற்றிடத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கிறது. இன்று கடைகளில் விற்கும் பச்சை லேசர்ச் சுட்டிகள் பலவற்றில், கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் ஒளி, சிறு படிகமொன்றில் இதே முறையில் 532 நானோமீட்டர் பச்சையாக மாறுகிறது.

இனி நமது பொருளுக்கு உயிர்நாடியான செய்திக்கு வருகிறேன். மாணவர்கள் சற்றுக் கூர்ந்து கவனிக்க வேண்டுகிறேன். இரண்டாம் சீரிசைக்குக் காரணமான அசைவு, மின்புலத்தின் இருமடிக்கு விகிதமாக அமைவது. மின்புலத்தின் திசையைத் தலைகீழாக்கினால் இருமடி மாறாது. ஆகவே அசைவும் மாறக்கூடாது. ஆனால் பொருளின் உட்பகுதி எல்லாத் திசைகளிலும் ஒரே தன்மை உடையதாயின், புலம் திரும்பினால் அசைவும் திரும்பியாக வேண்டும். மாறவும் கூடாது, திரும்பவும் வேண்டும் என்ற இரு நிபந்தனைகளையும் நிறைவுசெய்யும் மதிப்பு ஒன்றே, அது பூஜ்யம். நீர், கண்ணாடி, மையச் சமச்சீருள்ள படிகங்கள் ஆகியவற்றின் உட்பகுதி இந்த முறையில் ஏறக்குறைய ஊமையாகிவிடுகிறது. நீரின் உள்ளே ஒரு மூலக்கூறு வலப்புறம் நோக்கினால் இன்னொன்று இடப்புறம் நோக்கும். ஒன்றின் கோணலை மற்றது ஈடுசெய்துவிடும். மேற்பரப்பில் அது நடவாது. அங்கே ஒரு பக்கம் நீர், மறுபக்கம் திண்மமோ காற்றோ. சமச்சீர் குலைந்த அந்த மெல்லிய எல்லையிலிருந்து மட்டும் புதிய ஒளி பிறக்கிறது. மூன்று கோடி அடுக்குகளின் இரைச்சலை அடக்குவதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. சமச்சீர் விதியே அதனை அடக்கிவிடுகிறது. ‘ஏறக்குறைய’ என்று நான் சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள். உட்பகுதியிலிருந்து மிகச் சிறு பங்களிப்பு உண்டு. கவனமுள்ள ஆய்வாளர் அதனையும் கணக்கில் கொள்வார்.

எல்லையில் ஒளியலைகள் இவ்வாறு நடந்துகொள்ளும் விதத்தை ஹார்வர்டில் நிக்கலாஸ் புளூம்பெர்கனும் பெர்ஷனும் 1962இலேயே கணக்கிட்டுவிட்டனர். லேசர் நிறமாலையியலுக்காகப் புளூம்பெர்கன் 1981இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவரிடம் பயின்றவரும் ஷாங்காயில் பிறந்தவருமான ஒய். ஆர். ஷென், கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் தம் மாணவர்களுடன் 1980களின் தொடக்கத்தில் இந்தக் கணக்கை ஆய்வுக்கருவியாக மாற்றினார். கண்ணாடிப் பரப்பின்மீது ஒற்றை அடுக்காகப் படிந்த சாய மூலக்கூறுகளின் நிறமாலையை அவர்கள் இரண்டாம் சீரிசையைக் கொண்டு பதிவு செய்தனர்.

நம் நாட்டவருக்கும் இந்தத் தொடக்கக் காலத்தில் பங்குண்டு. நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஐசென்தாலுடன் பணியாற்றிய கங்கன் பட்டாச்சார்யா, நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பில் பாரா-நைட்ரோஃபீனால் என்னும் பொருள் அமிலகார மாற்றத்துக்கு உட்படும் விதத்தை இம்முறையில் ஆராய்ந்த கட்டுரை 1987இல் வெளிவந்தது. பின்னர் அவர் கொல்கத்தாவில், சர் சி. வி. ராமன் 1928இல் தம் விளைவைக் கண்டறிந்த அதே இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் நெடுங்காலம் பணிபுரிந்தார்.

இரண்டாம் சீரிசை மேற்பரப்பைத் தனித்துக் காட்டும். ஆனால் அங்கிருக்கும் மூலக்கூறு இன்னதென்று பெரும்பாலும் சொல்லாது. மூலக்கூற்றின் அடையாளம் அதன் அதிர்வுகளில் உள்ளது. ஆக்சிஜனும் ஹைடிரஜனும் இணைந்த பிணைப்பு ஓர் அதிர்வெண்ணில் அதிரும். கார்பனும் ஹைடிரஜனும் இணைந்தது வேறோர் அதிர்வெண்ணில் அதிரும். இவ்வதிர்வுகள் அகச்சிவப்புப் பகுதியில் உள்ளன. ஆகவே 1987இல் ஷென் குழுவினர் அடுத்த அடியை எடுத்து வைத்தனர். ஒரு லேசர்க் கற்றைக்குப் பதிலாக இரண்டை ஒரே இடத்தில், ஒரே கணத்தில் பரப்பின்மீது சந்திக்கச் செய்தனர். ஒன்று கண்ணுக்குத் தெரியும் ஒளி, மற்றது அகச்சிவப்பு. இரண்டின் அதிர்வெண்களும் கூடிய புதிய ஒளி பரப்பிலிருந்து வெளிப்படுகிறது. இதுவே கூட்டு அதிர்வெண் நிறமாலையியல். பச்சை ஒளி 532 நானோமீட்டர், அகச்சிவப்பு ஏறத்தாழ 3 மைக்ரோமீட்டர் எனக் கொண்டால், கூட்டொளி 450 நானோமீட்டரை ஒட்டிய நீலமாக வரும். அகச்சிவப்பின் அதிர்வெண்ணைப் படிப்படியாக மாற்றிச் சென்றால், பரப்பிலுள்ள மூலக்கூற்றின் இயல்பான அதிர்வுடன் அது ஒத்துப்போகும் இடத்தில் நீல ஒளி மிகுகிறது. அந்த ஏற்ற இறக்கமே மேற்பரப்பின் நிறமாலை. தோன்றுவது மிகச் சிறு எண்ணிக்கையிலான ஒளித்துகள்களே. ஆயினும் விழுந்த இரு நிறங்களினின்றும் வேறான நிறத்தில், குறித்த ஒரு திசையில் அவை செல்வதால் பிரித்தெண்ண முடிகிறது.

ஓர் அதிர்வு இந்த நிறமாலையில் தோன்ற வேண்டுமானால் அது அகச்சிவப்பை ஏற்பதாகவும், ராமன் விளைவைத் தருவதாகவும் ஒருங்கே இருத்தல் வேண்டும். மையச் சமச்சீருள்ள மூலக்கூறுகளில் ஒரே அதிர்வு இரண்டிலும் தோன்றாது என்று மாணவர்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். நான் முன்பு சொன்ன சமச்சீர் விதியின் மற்றொரு தோற்றமே அது.

இனி, இந்த முறை எதைக் கண்டுபிடித்துத் தந்தது? முதலில் வெறும் நீரின் பரப்பு. 1993இல் பெர்க்கிலிக் குழுவினர் நீரும் அதன் ஆவியும் சந்திக்கும் பரப்பின் நிறமாலையை வெளியிட்டனர். ஒரு சென்டிமீட்டருக்கு 3700 அலைகள் என்னும் இடத்தில் கூர்மையான முகடு ஒன்று தெரிந்தது. நீரின் உட்பகுதியில் அப்படியொரு முகடு இல்லை. ஹைடிரஜன் பிணைப்பில் சிக்காமல், காற்றுப் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன்-ஹைடிரஜன் பிணைப்பின் அடையாளம் அது. மேலடுக்கு மூலக்கூறுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ அவ்வாறு நிற்கிறது என்று மதிப்பிட்டனர். குளத்து நீரின் மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு மூலக்கூற்று அளவில் நேரடி விடை கிடைத்தது அப்போதுதான். பனிக்கட்டியின் மேலடுக்கு, பூஜ்யம் டிகிரி சென்டிகிரேடுக்கு வெகு கீழேயே, ஏறத்தாழ 200 கெல்வினிலிருந்தே ஒழுங்கு குலையத் தொடங்குகிறது என்பதும் பின்னர் இதே முகட்டைக் கொண்டு தெரியவந்தது.

அடுத்து, நீரினுள் மூழ்கிய திண்மங்கள். நமக்கு இவையே முக்கியம். 1992இல் ஐசென்தால் குழுவினர் சிலிகாப் பரப்பின் அருகேயுள்ள நீரை இரண்டாம் சீரிசையால் ஆராய்ந்தனர். சிலிகாவின் பரப்பில் அமிலத்தன்மையுள்ள இடங்கள் எல்லாம் ஒரே வகையின அல்ல என்று கண்டனர். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பி.எச். 4.5ஐ ஒட்டித் தம் புரோட்டானை விடுகின்றன, எஞ்சியவை 8.5ஐ ஒட்டியே விடுகின்றன. ஆற்று மணலும் பெரும்பாலும் சிலிகாவே என்பதை நினைவில் கொண்டால் இதன் பொருள் விளங்கும்.

அலுமினாவின் பரப்பிலுள்ள நீர் மூலக்கூறுகளைப் பற்றிய குறிப்பிடத்தக்க ஆய்வு 1999இல் வந்தது. அமிலத்தன்மை மிகுந்த நீரில் அலுமினாவின் பரப்பு நேர்மின் ஏற்றம் பெறுகிறது; காரத்தன்மை மிகுந்த நீரில் எதிர்மின் ஏற்றம் பெறுகிறது; இடையில் ஒரு பி.எச். மதிப்பில் ஏற்றம் ஏதுமின்றி நிற்கிறது. ஏற்றம் மாறும்போது அதை ஒட்டிய நீர் மூலக்கூறுகள் தலைகீழாகத் திரும்புகின்றன என்பதைக் கூட்டு அதிர்வெண் ஒளி காட்டியது. நேர்மின் பரப்பை நோக்கி ஆக்சிஜன் முகம் திருப்பும். எதிர்மின் பரப்பை நோக்கி ஹைடிரஜன் திரும்பும்.

இப்போது நமது கலத்துக்குத் திரும்பி வருவோம். ஃபுளோரைடு எதிர்மின் அயனி. பரப்பு நேர்மின் ஏற்றம் பெற்றிருக்கும்போது அதை நாடும். கிளர்வூட்டிய அலுமினா பி.எச். 5.5ஐ ஒட்டிச் சிறப்பாக வேலை செய்வதும், எரிசோடாவால் கழுவும்போது ஃபுளோரைடை விட்டுவிடுவதும் இதனோடு இசைந்து வருகின்றன. மின்கவர்ச்சி மட்டுமே காரணம் என்று கொள்ளலாகாது. பரப்பிலுள்ள ஹைடிராக்சில் தொகுதியை வெளியேற்றி அதன் இடத்தில் ஃபுளோரைடு அமரும் வேதிவினையும் உண்டு. ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீர் பெரும்பாலும் காரச் சார்பும் பைகார்பனேட் மிகுதியும் உடையது. அந்த நீரில் அலுமினாவின் திறன் குறைகிறது. அதை ஈடுகட்ட நாம் அமிலம் சேர்க்கிறோம். அல்லது அடிக்கடி கழுவுகிறோம். கிராமத்தில் அமிலத்தையும் எரிசோடாவையும் கையாள்வது எளிதன்று என்பதை இங்கு அமர்ந்துள்ள குடிநீர்த் துறை அலுவலர்கள் என்னைவிட நன்கறிவர். பல கலங்கள் பழுதுபட்டல்ல, கழுவ ஆளில்லாமல் கைவிடப்படுகின்றன.

இன்னோர் ஆய்வு எனக்கு மிகவும் சிந்தனையைத் தூண்டியது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் பாலிமர் ஆராய்ச்சி நிலையத்தில் மிஷா போன் குழுவினர் 2014இல் வெளியிட்டது அது. ஃபுளோரைட் என்னும் கால்சியம் ஃபுளோரைடு கனிமம், நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலப்பதற்குக் காரணமான கனிமங்களுள் ஒன்று. அதன் பரப்பின்மீதும் சிலிகாப் பரப்பின்மீதும் அவர்கள் நீரை ஓடவிட்டும் நிறுத்தியும் கூட்டு அதிர்வெண் ஒளியை அளந்தனர். நீர் ஓடத் தொடங்கியதும் சமிக்ஞை மாறியது. நின்றதும் பழைய நிலைக்குத் திரும்பியது. தேங்கிய நீரில், கரைந்து வெளிவந்த அயனிகள் பரப்பின் அருகிலேயே நின்று ஒருவகைச் சமநிலையை உண்டாக்குகின்றன. ஓடும் நீர் அவற்றை அடித்துச் சென்றுவிடுகிறது. அதனால் பரப்பின் மின்னேற்றமும் அதை ஒட்டிய நீரின் ஒழுங்கும் மாறுகின்றன. ஆய்வுக்கூடத்தில் தேங்கிய நீரில் அளந்த எண்களைக் கொண்டு, ஓடும் நீருக்கான கணக்குகளைப் போடுவது எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வி இதிலிருந்து எழுகிறது. வீட்டு வடிகட்டியில் காலையில் இரண்டு குடம் நீர் ஓடும். பிறகு மாலைவரை தேங்கி நிற்கும். அலுமினாவில் இந்த ஓட்டமும் தேக்கமும் ஃபுளோரைடை எவ்வாறு பாதிக்கின்றன என்பது நம் நாட்டு ஆய்வாளர் எடுத்துக்கொள்ளத் தக்க கேள்வி என்று கருதுகிறேன்.

முறையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். இதற்கு மெருகிட்ட தட்டையான பரப்பு வேண்டும். நீர் அகச்சிவப்பை விழுங்கிவிடுவதால், பெரும்பாலும் கற்றைகளைக் கனிமத்தின் வழியாகவே உள்ளே செலுத்த வேண்டியிருக்கிறது. எனவே நிறமற்ற நீலக்கல் படிகத்தை அலுமினாவின் பிரதிநிதியாகக் கொள்கிறோம். அது உண்மையான பிரதிநிதியா? அலுமினாத் தூளில் மின்னேற்றம் மறையும் பி.எச். மதிப்பு சாதாரணமாக 8க்கும் 9க்கும் இடையே அமைகிறது. ஆனால் நீலக்கல் படிகத்தின் ஒரு குறித்த முகத்தை 2008இல் கூட்டு அதிர்வெண் முறையில் ஆராய்ந்தபோது அது 6ஐச் சற்றே தாண்டிய இடத்தில் அமைந்தது. வேதிப்பெயர் ஒன்றாயினும், படிக முகம் வேறானால் மேற்பரப்பும் வேறாகிறது. நுண்துளைகள் நிறைந்த குருணையோ எண்ணற்ற முகங்களும் விளிம்புகளும் கொண்டது. நீரில் மிதக்கும் நுண்துகள்களிலிருந்து சிதறும் இரண்டாம் சீரிசையை அளக்க முடியும் என்று ஐசென்தால் குழுவினர் 1996இல் காட்டியிருப்பது இந்த இடைவெளியைக் குறைக்க ஓரளவு உதவும்.

இன்னொரு சிக்கல், கிடைத்த நிறமாலையைப் படிப்பது. ஏற்றமுள்ள பரப்பின் மின்புலம் ஓர் அடுக்கோடு நில்லாமல் நீருக்குள் ஊடுருவி, பல அடுக்குகளை ஓரளவு திசை திருப்பிவிடுகிறது. அவையும் கூட்டொளிக்குப் பங்களிக்கின்றன. பரப்பை ஒட்டிய நீர் எது, தள்ளி நிற்கும் நீர் எது என்று பிரித்தறியும் வழிமுறையைத் தெளிவுபடுத்திய கட்டுரை 2016இல்தான் வந்தது. அதற்கு முந்திய முடிவுகள் சிலவற்றை மறுபடியும் பார்க்க வேண்டியதாயிற்று. அறிவியலில் இது இயல்பே.

தொழில்துறையினருக்காக ஒரு செய்தியை மட்டும் சொல்லிச் செல்கிறேன். பிளாட்டினத்தின்மீது எத்திலீன் ஹைடிரஜனுடன் இணையும் வினையில், வெற்றிடத்தில் செய்த பழைய ஆய்வுகள் எத்திலிடைன் என்னும் தொகுதி பரப்பை நிறைத்து நிற்பதைக் காட்டின. 1996இல் பெர்க்கிலியில் காபோர் சோமோர்யாயும் ஷென்னும், வினை நடக்கும் வாயு அழுத்தத்திலேயே கூட்டு அதிர்வெண் முறையில் பார்த்தனர். பரப்பை நிறைத்திருந்த எத்திலிடைன் வெறும் பார்வையாளர் என்றும், தளர்வாக ஒட்டிய வேறு வகை எத்திலீனே வினையில் ஈடுபடுகிறது என்றும் அறிந்தனர். கூட்டமாக இருப்பவரே வேலை செய்பவர் என்று எண்ணிவிடக் கூடாது என்பது அலுவலகங்களுக்கு மட்டும் உரியதன்று போலும்!

நம் நாட்டில் இத்தகைய ஆய்வு மிகச் சில இடங்களிலேயே நடக்கிறது. பஞ்சாபின் ரோபரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் கூட்டு அதிர்வெண் முறையில் நீர்ப்பரப்புகளை ஆராயும் இடங்களுள் ஒன்று. லேசர்க் கருவி விலை மிக்கது. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. ஆயினும் என் கருத்தில் விலை இரண்டாம் தடையே. அறையின் வெப்பநிலையும் ஈரப்பதமும் இரவும் பகலும் ஒரே நிலையில் இருந்தாக வேண்டும். அதிர்வெண்ணை மாற்றும் படிகங்களில் சில காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மங்கிவிடும் தன்மை உடையவை. நான் பார்த்த ஓர் ஆய்வுக்கூடத்தில் விடுமுறை நாட்களில் குளிர்சாதனத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்ற சிக்கன உத்தரவு இருந்தது. மழைக்காலம் முடிந்தபோது படிகங்கள் பயனற்றுப் போயிருந்தன. மாற்றுப் படிகத்துக்கு ஒப்புதல் பெற ஓராண்டுக்கு மேலாயிற்று. அந்த ஓராண்டில் நிறுத்திவைத்ததால் மிஞ்சிய மின்கட்டணம் எவ்வளவு என்று எவரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. கருவி வாங்க நிதி ஒதுக்கும்போதே, அதன் ஆயுட்காலம் முழுவதற்குமான பராமரிப்பையும், அதனை இயக்கும் தொழில்நுட்பப் பணியாளரின் நிரந்தரப் பதவியையும் சேர்த்தே ஒதுக்குவது நிதித்துறை அலுவலர்களின் கையில் உள்ளது. ஆராய்ச்சி மாணவர் நான்கைந்து ஆண்டுகளில் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவார். கற்றைகளை நேர்படுத்தும் கைப்பழக்கமும் அவருடனேயே போய்விடும்.

ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இத்தகைய கருவியை நிறுவ வேண்டும் என்று நான் கோரவில்லை. நன்கு பராமரிக்கப்படும் சில மையங்களும், அவற்றுக்குத் தம் மாதிரிகளுடன் சென்று வரக் கல்லூரி ஆசிரியர்களுக்கு வாய்ப்பும் இருந்தால் போதும். மாதிரிகள் எவை என்பதில்தான் நமது பங்கு இருக்கிறது. உலகின் பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் தூய நீரையும் தூய உப்பையும் கொண்டு வேலை செய்கின்றன. நம் கிணற்று நீரில் பைகார்பனேட்டும் சிலிகேட்டும் சல்ஃபேட்டும் அழுகிய இலைதழைகளிலிருந்து வரும் கரிமப் பொருளும் உள்ளன. தூய நீரில் ஃபுளோரைடை மட்டும் கலந்து நீலக்கல் பரப்பில் முதல் நிறமாலையைப் பதிவு செய்துகொண்டு, பிறகு இவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் நீரை ஓட்டியும் நிறுத்தியும் பார்க்க வேண்டும். ஃபுளோரைடின் இடத்தைப் பிடித்துக்கொள்வது எந்த அயனி, எந்த பி.எச். அளவில் என்பது தெரிந்தால், அமிலத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பதைக் கலத்தருகே நிற்கும் பணியாளருக்கு எண்ணாகவே சொல்ல முடியும்.